கொமட் பாக்கிற பக்கம்

எழும்பாதீங்க டீச்சர், எழும்பாதீங்க, எனக்கு வழி தெரியும்... கேட் தொறந்து கெடந்த, வந்திட்டன். அந்தக் கதிரைய மட்டும் ஒருக்கா இழுங்க, இந்த வயித்தோட அதுக்குள்ளால போக ஏலா... ஓம், விடியவும் வந்ததான், பாண்காரன் போன பொறகும் வந்ததான், என்ன செய்யிற, ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சாலும் உள்ள கெடக்கிற ஆள் பொறுக்குதில்லயே... வந்து செல்றன், வந்து செல்றன்!

...

அப்பாடா! அல்ஹம்துலில்லாஹ்.

என்ன டீச்சர், சத்தத்தக் காணல்ல எண்டு பயந்திட்டீங்களா? அதுக்குள்ள போனா நாங்க கதைக்கப்படாது. நாள் முழுக்க என்ட வாய் மூடிக் கெடக்கிற ஒரே இடம் அதுதான். எங்கட மச்சான், என்ட மாப்பிள்ள றிஸ்மி, அவர் செல்வார், "றஸ்னா, அவசரமில்ல, நீ ஆறுதலா இருந்திட்டு வா" எண்டு. நான் அன்பு எண்டு நெனச்சன். பொறகுதான் விளங்கின, அவருக்கு அதுதான் நியூஸ் கேக்கிற நேரம்.

இதுல இரிக்கட்டா? இல்ல இல்ல, சோஃபா வேணா. அதுல இருந்தா எழுப்புறதுக்கு ரெண்டு ஆள் வேணும். இந்தக் கதிரையே காணும். பிளேன்டியா? ஐயோ வேணா டீச்சர், குடிச்சா திரும்பவும் போகணும்... சரி, சும்மா கொஞ்சமா ஊத்துங்க. சீனி கூட.

நீங்க இந்தத் தெருவுக்கு வந்து இன்னம் சாமான் பெட்டியும் அவுத்து முடியல்ல. அதுக்குள்ள பக்கத்து ஊட்டுக்காரி நாளெல்லாம் வந்து கக்கூசுக்குப் போய்ட்டு வாறா எண்டு உங்கட அவர் என்ன நெனப்பாரோ... சிரிக்காதீங்க. எனக்கு வெக்கம்தான். ஆனா வெக்கத்துக்குப் பொறும இரிக்கு, மத்ததுக்கு இல்லயே.

ஊட்டுல கொமட் இல்லயா எண்டா கேக்கிறீங்க? இரிக்கு டீச்சர்! புத்தம் புதுக் கொமட், பால் மாதிரி வெள்ள, மூடி எல்லாம் மெல்லமாத்தான் மூடும். அது இப்ப சாக்கால போத்தி, அதுக்கு மேல ஒரு வாளியும் கவுத்துக் கெடக்கு. உம்மா வச்சது. ஒருத்தரும் மறந்து போய் அதுல இருந்திரக் கூடாதாம். மத்த ஆக்கள் முன் ஊட்டுக்குப் போறாங்க, அது குந்துறது, எனக்கு ஏலா. பாத்ரூம் கதவத் தொறந்தா மௌத்தான ஆளப் போத்தி வச்சிருக்கிற மாதிரி இரிக்கு. என்ட மூத்தவ, அம்ஹா, வாசல்ல சைக்கிள் ஓட்டித் திரிவாளே, அவ உள்ள எட்டிப் பாத்திட்டு, "உம்மா, கொமட்டுக்குக் காச்சலா?" எண்டு கேக்கிறா.

ஏன் மூடி வச்ச எண்டா, அது பாக்கிற பக்கம் சரியில்ல.

விளங்கல்லயா? செல்றன். நாங்க தொழுற பக்கம் இரிக்கெல்லா, கிப்லா, மக்கா இரிக்கிற பக்கம். எங்கட ஊருக்கு அது மேற்கால. கக்கூசுக்குப் போனா அந்தப் பக்கம் முகமும் காட்டப்படாது, முதுகும் காட்டப்படாது. அப்ப மிச்சம் என்ன? வடக்கும் தெக்கும்தான். இந்த ஊர்ல எந்த ஊட்டுக்குப் போய்ப் பாத்தாலும் அப்பிடித்தான் இரிக்கும். எங்கட கொமட் எந்தப் பக்கம் பாக்குது தெரியுமா? நேரா கிப்லா. அச்சொட்டா. தொழுற பள்ளி கட்டின ஆக்கள் கூட அவ்வளவு நேரா வச்சிருக்க மாட்டாங்க!

மச்சான் போய் மௌலவியிட்டயும் கேட்டுட்டு வந்தார். நாலு செவத்துக்குள்ள எண்டா குத்தமில்ல, தவிர்க்கிறது நல்லம் எண்டு சென்னாராம். உம்மா கேட்டாவா? "மௌலவிட ஊட்டுக் கொமட் எந்தப் பக்கம் பாக்குதெண்டு முதல்ல போய்ப் பாத்திட்டு வாங்க மருமகன்" எண்டுட்டா. நானும் ஒருநாள் உம்மாக்குத் தெரியாம சாக்க எடுத்துப் போட்டு இருந்து பாத்தன். மனசு கேட்டாத்தானே டீச்சர்? வந்ததும் வரல்ல. எழும்பி உங்கட ஊட்டுக்கு ஓடி வந்தன்.

எல்லாம் அந்த மேசன்ட வேல. புண்ணியமூர்த்தி அண்ணன் எண்டு, வீரமுனை ஆள். உங்களுக்குத் தெரியுமா? ... ஆ, நீங்க திருக்கோயில் ஊர்க்காரி எல்லா, உங்களுக்கு எங்க தெரியப்போகுது.

இல்ல டீச்சர், நான் கொமட்டுக்கு ஆசப்பட்டவ இல்ல. முந்தி எங்கட ஊட்டுல குந்துற கக்கூஸ்தான் இருந்த, ராசா மாதிரி. அம்ஹா வயித்துல இருக்கக்குள்ள கடைசி வரைக்கும் அதுலதான் குந்தி எழும்பினன். இந்த முற அப்பிடியில்ல. குந்தினா முழங்கால் ரெண்டும் கதைக்குது. எழும்பக்குள்ள செவத்தப் புடிச்சு, பைப்பப் புடிச்சு, வாளியப் புடிச்சு, ஒருநாள் வாளியும் நானும் ஒண்டாச் சரிஞ்சு... பயப்படாதீங்க, அல்லாட காவல், ஒண்டும் நடக்கல்ல. வாளிதான் ஒடஞ்ச. உம்மா கதவுக்கு வெளிய நிண்டு "யா அல்லாஹ், யா அல்லாஹ்" எண்டு கத்தினதுல தெருவே கூடிட்டு. புள்ள பொறந்திட்டா எண்டு கேட்டு ஒரு கூட்டம்.

அதுக்கு எங்கட மச்சான் என்ன செஞ்ச தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் கதிரைய எடுத்து, நடுவால வட்டமா வெட்டி, கக்கூசுக்கு மேல வச்சி, "இந்தா றஸ்னா, கொமட்!" எண்டார். மூஞ்சில என்ன ஒரு பெரும! அதுல ஒருக்காத்தான் இருந்தன். நான் எழும்ப, கதிரையும் என்னோடயே எழும்பிட்டு. ஓம் டீச்சர்! கழட்டவே ஏலா. உம்மா ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, அம்ஹா கைதட்டிச் சிரிக்க... நீங்களும் சிரிக்கிறீங்க. பிளேன்டி மூக்குல ஏறப்போகுது, பாத்து.

பொறகு கிளினிக்ல ஸ்கேன் பாத்த லேடி டொக்டர் செல்றா, புள்ள குறுக்க கெடக்காம். தல ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வாப்பா லீவு நாள்ல படுக்கிற மாதிரி சொகுசாக் கெடக்காம். "இன்னம் நாள் இரிக்கு, தானாத் திரும்பும். திரும்பாட்டி சீசர் செய்வம்" எண்டு சிரிச்சிட்டே சென்னா. அவவுக்கென்ன, சிரிப்பா. அண்டைக்கே மிட்வைஃப் மிஸ் ஊட்டுக்கு வந்து, சுத்திப் பாத்து, "இந்தக் கக்கூஸ் சரி வராது றஸ்னா, சீசர் செஞ்சு வந்தா குந்தவே ஏலாது, கொமட் ஒண்டு வைக்கப் பாருங்க" எண்டா. அதுக்குப் பொறகுதான் குந்துறத ஒடச்சிட்டு கொமட் வந்த. இல்லாட்டி மச்சான் இன்னொரு கதிரையத்தான் வெட்டியிருப்பார்.

வயித்த உருவித் திருப்பித் தாறன் எண்டு எண்ணெய்க் குப்பியோட ஒரு மனிசி வந்தா. மிஸ் கண்டிப்பாச் செல்லிட்டா, ஒருத்தரையும் வயித்துல கை வைக்க விடாதீங்க எண்டு. நான் அந்த மனிசிக்கு பிளேன்டி குடுத்து, காலுக்கு எண்ணெய் போடச் சென்னன். நல்ல சொகமா இருந்த.

மனச அமைதியா வச்சிரு, மனச சந்தோசமா வச்சிரு, எல்லாரும் ஒரே பாட்டு. நீ யோசிச்சா புள்ளைக்கும் யோசின வரும் எண்டுற. எண்டுட்டு அந்த மூச்சோடயே, "என்னகா, வயிறு இவ்வளவு சின்னன்?" எண்டு கேக்கிற. அடுத்தவ வந்து, "என்னகா, இவ்வளவு பெரிசு, ரெண்டா?" எண்டு கேக்கிற. மீன்காரன் கூட தராசப் புடிச்சிட்டு, "ராத்தா, இன்னம் பெறல்லயா?" எண்டு கேக்கிறான். பெத்தா ஒனக்குச் செல்லாமலா இரிக்கப்போறன், தம்பி, நீ அந்தப் பாரைய ஒழுங்கா வெட்டு எண்டன்.

உம்மா செல்றா, குர்ஆன்ல மர்யம் சூறா ஓது, மனசு தெளியும் எண்டு. ஓதுறன், மெய்யாத் தெளியுது. ஓதி முடிச்சுக் கண்ணத் தொறந்தா, தொறந்து கெடக்கிற பாத்ரூம் கதவால சாக்குப் போத்தின கொமட்! போன தெளிவு வருமா?

இடப்பக்கம் சரிஞ்சு படுக்கணுமாம். இடப்பக்கம் சரிஞ்சா மச்சான்ட மூஞ்சி. அவர்ட கொறட்ட நேரா என்ட காதுக்குள்ள. எடத்த மாத்திப் படுங்க எண்டா, அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராதாம். அவர்ட வயித்துல என்ன இரிக்கு, ஃபேன் காத்து வேணுமாம்!

ஊட்டுல செய்யாத வேல இல்ல டீச்சர். பழைய சோமன் துணி எல்லாம் கிழிச்சு, அவிச்சு, காயப்போட்டு, இஸ்திரியும் போட்டன். "புள்ள நனைக்கிற துணிக்கு இஸ்திரியாகா?" எண்டு உம்மா சிரிக்கிறா. கட்டில மாத்திப் போட்டன். அலுமாரிய மாத்திப் போட்டன். பொறகு கட்டில் முந்தி இருந்த இடமே நல்லம் எண்டு திரும்பவும் மாத்தினன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற பேக்க கட்டுறன், அவுக்கிறன், கட்டுறன், அவுக்கிறன். உம்மா அங்கால வேர்க்கொம்பு, மல்லி, மிளகு எல்லாம் பாயில பரப்பி, புள்ள பெத்த பொறகு எனக்குச் சரக்குக் கறி ஆக்குறதுக்கு இப்பவே ஆயத்தம். நான் விழுந்தாலும் பாக்க மாட்டா, காக்கா வந்து பாயில குந்தினா ஓடி வருவா.

கடைசி மாசங்கள்ள அப்பிடி ஒரு விசர் வருமாம், மிஸ் சென்னா. குருவி கூடு கட்டுற மாதிரி. ஊட்டுல ஒரு சாமானும் வச்ச இடத்துல இரிக்கக் கூடாது, எல்லாத்தையும் திருப்பணும், மாத்தணும். அந்த விசர்லதான்... அத விடுங்க. விசுக்கோத்து இரிக்கா? ஒண்டு தாங்க.

எங்க விட்டன்? மேசன். அந்த மனிசன் எங்கட ஊட்டுக்குச் செஞ்ச அநியாயம் இரிக்கே...

கொமட் வச்ச அண்டைக்கு உம்மா ஊட்டுல இல்ல. வரிப்பத்தான்சேனையில சாச்சிட ஊட்டுக் கலியாணத்துக்குப் போன. மச்சானும் கடைய மூடிட்டு அங்கயே வந்து சாப்பிட்டு உம்மாவக் கூட்டிட்டு வாறன் எண்ட. நான் போகல்ல, பஸ்ஸுல குலுங்கப்படாது எண்டு டொக்டர் சென்ன. ஊட்டுல அம்ஹாவும் நானும், உள்ள மேசன் வேல. பொழுதுபட்டு உம்மா வந்து, கலியாண ஊட்டுப் புடவையும் மாத்தல்ல, முதல் வேலயா பாத்ரூமுக்குள்ள எட்டிப் பாத்தா. பாத்தவ அப்பிடியே நிண்டுட்டா. "என்னகா புள்ள இது! கிப்லாவப் பாத்தெல்லகா வச்சிரிக்கான்!"

"ஓம் உம்மா, இந்த மேசன்ட வேலயப் பாருங்க" எண்டு நானும் சென்னன்.

மச்சானுக்குக் கோவம் வராது. வந்தா தெருவுக்கே கேக்கும். ஃபோன எடுத்து அந்தாளுக்கு ஏசு ஏசெண்டு ஏசினார். அதுக்குப் பொறகு அந்த மனிசன் ஃபோன் எடுக்கிறல்ல. வேற மேசன்மாரக் கேட்டா, ஒருத்தர் வச்ச வேலயில நான் கை வைக்க மாட்டன் எண்டுறான் ஒருத்தன், வெள்ளாம வெட்டு முடியட்டும் எண்டுறான் மத்தவன். நான் என்ன, வெள்ளாம வெட்டு முடியும் வரைக்கும் புள்ளைய உள்ள வச்சிரிக்கவா?

ஆ? ... என்ன கேட்டீங்க?

எத்தின வருஷமா வேல செய்யிறவரா? அதயேன் கேக்கிறீங்க, இந்தத் தெருவுல பாதிக் கக்கூஸ் அவர் கட்டினதான்.

...

அப்பிடியான ஆளுக்கு எங்கட ஆக்கள்ட பக்கம் தெரியாதா எண்டு கேக்கிறீங்க.

டீச்சர்மாரோட இதான் கரைச்சல். மத்த ஆக்கள் எண்டா, "அப்பிடியா றஸ்னா, பாவம்" எண்டு விட்டிருவாங்க.

...

கதவச் சாத்துங்க. இல்ல, அந்த சன்னலையும். உம்மா வேலிக்கு அங்காலதான் மிளகு காயப்போட்டிருக்கா, அவட காது எங்கட தெருவுக்கே காணும்.

அவர் வச்சது சரிதான் டீச்சர். முதல்ல வச்சது. அழகா வடக்க, மட்டக்களப்புப் பக்கம் பாத்து வச்சிட்டு, "பாருங்க தங்கச்சி" எண்டு கூப்பிட்டார். நான்தான்... நான்தான் திருப்பச் சென்னன்.

முறைக்காதீங்க, கேளுங்க! முதல்நாள் வாட்ஸப்ல ஒரு வொய்ஸ் வந்த. பழைய ஊடுகள்ள கிப்லா பிழையாம், பழைய ஆக்கள் கண் பார்வைக்கு வச்சதாம், எல்லாரும் ஃபோன்ல செக் பண்ணுங்க எண்டு. புள்ள பொறக்கப்போற ஊடு, எல்லாம் சுத்தமா, சரியா இரிக்கணும் எண்டு எனக்கு ஒரே யோசின. அதோட ஃபோன எடுத்து, கிப்லா காட்டுற ஆப்பத் தொறந்து, பாத்ரூமுக்குள்ள புடிச்சன். அம்பு சுத்திச் சுத்தி வந்து எங்க நிண்ட தெரியுமா? வடக்க! கொமட் பாக்கிற பக்கம்!

நீங்க கேக்கப்போற கேள்வி எனக்கும் தெரியும். அஞ்சு வக்தும் அதே ஊட்டுலதானே தொழுறாய், ஒனக்குப் பக்கம் தெரியாதா எண்டு. தெரியும் டீச்சர்! தெரியும்! ஆனா அந்த அம்பப் பாத்த உடன எனக்கு என்ன தோணின எண்டு கேளுங்க. யா அல்லாஹ், இவ்வளவு காலமும் இந்த ஊரே பிழையாத் தொழுதிட்டே எண்டு தோணின! மெய்யா! எனக்கு அழுகையே வந்திட்டு. உம்மா பாவம், மச்சான் பாவம், மௌத்தாப்போன ஆக்கள் அதவிடப் பாவம். இத யார்ட்டச் செல்ற, பள்ளி நிருவாகத்துட்டச் செல்லவா, அவ்வளவு பெரிய பள்ளிய எப்பிடித் திருப்புற எண்டெல்லாம் யோசிச்சன். பகல் தொழுகய, ளுஹர, வடக்க பாத்துத் தொழுதன் டீச்சர். அம்ஹா வந்து, "உம்மா, ஏன் அலுமாரியப் பாத்துத் தொழுறீங்க?" எண்டு கேட்டா. ஒனக்கு விளங்காது, போ எண்டன்.

புண்ணியமூர்த்தி அண்ணன் தலையச் சொறிஞ்சிட்டு, "தங்கச்சி, கடல் அந்தாலதானே, அப்ப உங்கட பள்ளி பாக்கிற பக்கம் இந்தாலதானே..." எண்டு இழுத்தார். நான் என்ன சென்னன் தெரியுமா? "அண்ணன், இது சாட்டலைட். கடலுக்கு என்ன தெரியும்?" எண்டு சென்னன்.

கடலுக்கு என்ன தெரியும் எண்டு கேட்டவ, கல்முனையில பொறந்து வளந்தவ!

"சரி, உங்கட ஊடு, உங்கட கொமட்" எண்டு சிரிச்சிட்டு, பச்சச் சீமெந்தோட கிளப்பி, பைப்பையும் மாத்தி, மேற்க பாத்துத் திருப்பி வச்சிட்டுப் போய்ட்டார்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுற நேரம் வந்த. தொழுற பாய, முசல்லாவ, வடக்க விரிச்சிட்டு, இன்னொருக்காப் பாப்பம் எண்டு ஃபோன எடுத்தன். சூடாக் கெடந்த. சூட்டுக்குக் கவரக் கழட்டினன். உடன அம்பு சுர்ர்ர் எண்டு சுத்திப் போய் பள்ளிப் பக்கம் நிண்டுட்டு. கவரப் போட்டன், வடக்க. கழட்டினன், பள்ளி. போட்டன், வடக்க. டீச்சர், பெருநாளைக்கு ஆசப்பட்டு வாங்கின கவர், புத்தகம் மாதிரி மூடும், டக் எண்டு ஒட்டும்... அந்த டக் எண்டுறது காந்தமாம்! அம்பு மக்காவக் காட்டல்ல, என்ட ஃபோன் கவரத்தான் காட்டியிருக்கு!

நான் முசல்லாவ ஒழுங்காத் திருப்பி விரிச்சு, ளுஹரையும் பின்னேரம் தொழுத அஸரையும் திரும்பத் தொழுதிட்டு எழும்பக்குள்ளதான் வாசல்ல மச்சான்ட பைக் சத்தம்.

செல்லியிரிக்கலாம். ஓம், செல்லியிரிக்கலாம். உம்மா "வச்சிரிக்கான்" எண்டு கத்தினா பாருங்க, அதுலயே எனக்கு வழி ஒண்டு தொறந்திட்டு. மேசன் எண்டன். மச்சான் ஃபோன்ல ஏசக்குள்ள அந்த மனிசன் ஒண்டுதான் சென்னார், "தம்பி, தங்கச்சிட்ட ஒருக்காக் கேளுங்க" எண்டு. மச்சான் திரும்பி என்னப் பாத்தார். நான் என்ன செஞ்சன் தெரியுமா? வயித்தப் புடிச்சிட்டு "ஆ..." எண்டன். முடிஞ்ச! ஃபோன் ஒரு பக்கம், கொமட் ஒரு பக்கம், எல்லாரும் என்னத் தாங்கிப் புடிக்கிறாங்க. உம்மா இளஞ்சூட்டுத் தண்ணி, மச்சான் ஓட்டோவுக்கு ஓடுறார். புள்ளத்தாச்சிட வயித்துக்கு அவ்வளவு பெலம்.

...

ஓம். பாவம்தான். பாவம் எண்டு எனக்கும் தெரியும்.

ஏன் இன்னம் செல்லல்ல எண்டா... மச்சான் ஏச மாட்டார் டீச்சர், சிரிப்பார். வாழ்நாள் முழுக்கச் செல்லிச் செல்லிச் சிரிப்பார். அதவிட ஏசுறது நல்லம்.

அது மட்டுமில்ல. உங்களுக்குச் செல்றன், வேற ஒருத்தருக்கும் செல்லாதீங்க. எனக்குப் பயம், டீச்சர். கொமட் இல்ல, மத்தது. புள்ள திரும்பாட்டி வெட்டுவாங்க. வெங்காயம் வெட்டக்குள்ள வெரல் பட்டாலே நான் அழுறவ. விடியவே எழும்பி வயித்தத் தடவிப் பாக்கிறன், தல எங்க, கால் எங்க எண்டு. ஒண்டும் விளங்குதில்ல. திரும்பு, மகன், திரும்பு, மகள் எண்டு ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பாக்கிறன். அது திரும்புறது என்ட கையில இல்லயே. ஊட்டுல என்ட கையில இரிக்கிறதயாவது சரியாத் திருப்பி வைப்பம் எண்டுதான் கட்டிலையும் அலுமாரியையும்... கடைசில கொமட்டையும்.

சரி. போதும். விசுக்கோத்து நல்லா இரிக்கு. எங்க வாங்கின?

டீச்சர்... உங்கட ஃபோன ஒருக்காத் தாறீங்களா? என்ட நம்பரக் கண்டா அவர் கட் பண்ணுறார், மச்சான்ட நம்பரும் அப்பிடித்தான். நீங்க கதைச்சா எடுப்பார். "நான் ஒரு டீச்சர், பக்கத்து ஊடு, அந்தப் புள்ள பாவம்" எண்டு நல்ல தமிழ்ல ரெண்டு சொல்லு சென்னீங்க எண்டா...

நானா? நான்தான் கதைக்கணுமா?

நீங்க இஸ்கூல்லயும் இப்பிடித்தானா? புள்ளைகள் பாவம்.

சரி, தாங்க. நம்பர் இதான்... லவுட்ல போடாதீங்க, உம்மா...

போகுது. மணி போகுது. எடுக்கிறல்ல. நான் சென்னன்தானே, எடுக்க மா... ஹலோ! புண்ணியமூர்த்தி அண்ணனா? நான் திருக்கோயில் டீச்சர் ஒரு ஆள் கதைக்கி... சரி, சரி, முறைக்காதீங்க... இல்ல அண்ணன், றஸ்னா. கொமட் ஊட்டு றஸ்னா. வைக்காதீங்க, வைக்காதீங்க, அல்லாவுக்காக வைக்காதீங்க!

பிழை என்டதான் அண்ணன். முழுக்க என்ட. சாட்டலைட் இல்ல, ஃபோன் கவர். ... கவர், அண்ணன், கவர். ஃபோன மூடுற கவர். அதுல காந்தம். ... ஓம், சிரிங்க. சிரிங்க, நல்லாச் சிரிங்க. ... ஓம், கடலுக்குத் தெரிஞ்சிருக்கு.

மச்சானுக்குச் செல்றன். இண்டைக்கே செல்றன், அவரே உங்களுக்கு எடுத்துக் கதைப்பார். உம்மாக்கும்... உம்மாக்கு நாளைக்குச் செல்றன், ஒரே நாள்ல ரெண்டு பேரையும் தாங்க மாட்டன்.

என்ன அண்ணன்? இல்ல, இன்னம் திரும்பல்ல. நீங்க வச்ச மாதிரியேதான் கெடக்கு, உம்மா சாக்குப் போட்டு மூடி வச்சி... ஆ?

...

புள்ளையா?

...

இல்ல அண்ணன். அதுவும் திரும்பல்ல. குறுக்கத்தான் கெடக்கு. ... ஓம். ... ம். ... இல்ல, சாப்பிடுறன். ... ம்.

...

இல்ல டீச்சர், அழல்ல. உம்மாட மிளகுதான், சன்னல் சாத்தியும் இஞ்ச வருது. அவர் செல்றார், "எனக்குக் கோவம் உங்களோடதான் தங்கச்சி, வயித்துல இரிக்கிறதோட எனக்கு என்ன கோவம்" எண்டு. "அது பொறந்து வரக்குள்ள நீங்க போக ஒரு இடம் வேணுமெல்லா" எண்டு... கொஞ்சம் பொறுங்க, தண்ணி ஒருக்காத் தாங்க.

ஓம் அண்ணன், இரிக்கன், இரிக்கன். எப்ப வாற? ... வயலுக்கு வெட்டு மிசின் வந்து போன உடனயா? அது எப்ப? ... நாளைக்கா! அப்ப நாளண்டைக்கு விடிய வந்திருவீங்க. சோறு இஞ்சதான், உம்மா மீன் ஆணம் வைப்பா. ... எந்தப் பக்கம் வைக்கிறதெண்டா? இந்த முற நான் வாயே தொறக்க மாட்டன் அண்ணன். நீங்க முதல்ல வச்ச மாதிரியே வடக்க பாத்து, மட்டக்களப்புப் பக்கம் வைங்க. ஒரு சொல்லும் செல்ல மாட்டன்.

ஆனா ஒண்டு... இல்ல, செல்லல்ல, யோசிக்கத்தான் செய்யிறன்... வடக்க எண்டா கதவு தொறந்த உடன வாசல்ல வாற ஆள்ட மூஞ்சில முழிக்கணுமெல்லா? அம்ஹா கதவச் சாத்த மாட்டா. தெக்க பாத்து வச்சா கதவுக்கு முதுகு வரும், அதுவும் மார்க்கத்துக்குச் சரி. அக்கரப்பத்துப் பக்கம் பாத்து வைங்களன்... ஹலோ? அண்ணன்? ... ஆ, இரிக்கீங்களா, பெருமூச்சா அது. நான் லைன் போயிட்டெண்டு நெனச்சன். அப்ப முடிவு, தெக்க. அக்கரப்பத்து. வைக்கிறன், அஸ்ஸலா... சரி அண்ணன், போய்ட்டு வாங்க.

இந்தாங்க டீச்சர் ஃபோன். அல்லாஹ் உங்களுக்கு பறக்கத் தரணும். நான் போய் மச்சானுக்கு...

டீச்சர்.

அக்கரப்பத்துக்கு அங்காலதானே உங்கட திருக்கோயில்?

... கொற நெனைக்க மாட்டீங்கதானே? ஊருக்குப் போனா உங்கட அம்மாட்ட மட்டும் செல்லிப்போடாதீங்க.